கண்டிமலைத் தோட்டங்களில் மிஷனரியின் வாரம்
தமிழ்க் கூலி மிஷன் பற்றிய ஒரு நோக்கு

மலையகத் தமிழரின் சமூக வரலாற்றை ஆராய்ந்தோர் கங்காணி முறை, கூலி, குடியுரிமை ஆகியவற்றிற் செலுத்திய கவனத்தைச் சமய நிறுவனங்களின் அன்றாட இயக்கத்திற் செலுத்தியது குறைவே. கடல்கடந்து வந்த மிஷனரி ஒருவரின் வாரம் எவ்வாறு கழிந்தது, அவ்வாரத்தின் பொழுதுகளை வகுத்தவர் யார் என்னும் வினாக்கள் சிறியனவாகத் தோன்றலாம். ஆயின், அவற்றுக்கு விடை தேடுமிடத்துத் தோட்டத்தின் அதிகார அமைப்பே எம்முன் விரிகின்றது.

1815இல் கண்டி இராச்சியம் பிரித்தானியர் வசமாயிற்று. மூன்றாண்டுகளின் பின், 1818இல், சேர்ச் மிஷனரிச் சங்கத்தைச் சேர்ந்த சாமுவேல் லாம்பிரிக் கண்டி நகரில் பணி தொடங்கினார். 1835இல் இலங்கை வந்த வில்லியம் ஓக்லி, 1886இல் இறக்கும்வரை, 51 ஆண்டுகள் தாயகம் திரும்பாமலே இந்நாட்டிற் பணியாற்றினார். இவர்களது காலத்திலேயே நகரைச் சூழ்ந்த மலைகளிற் காடுகள் அழிக்கப்பட்டுக் கோப்பி பயிராயிற்று. தென்னிந்தியாவிலிருந்து மன்னார் வழியாக, மாத்தளைப் பாதையிற் கால்நடையாக வந்த உழைப்பாளர் அம்மலைகளை நிரப்பினர். 1854இல் அவர்களுக்கெனத் தனி மிஷன் ஒன்று அமைந்தது. அதனைத் தூண்டியவர்களுள் முதன்மையானவர், கோப்பிப் பயிர்ச்செய்கை பற்றி நூலெழுதிய தோட்டத்துரையாகிய வில்லியம் சபொனாடியர் ஆவார். திருநெல்வேலியிற் பணியாற்றிய அனுபவமுடைய செப்டிமஸ் ஹொப்ஸ் அதன் தொடக்ககாலப் பொறுப்பை ஏற்றார். உபதேசியார்களும் திருநெல்வேலியிலிருந்தே வருவிக்கப்பட்டனர்.

இம்மிஷனரியின் வாரம் ஆலயமணியின்படி நடந்ததன்று. தோட்டத்தின் பிரட்டுக்களமே அதனை வகுத்தது. விடியுமுன் வேலையாட்கள் பெயர் கொடுக்கக் கூடும் அக்களத்திற் சில நிமிடம் பேசுவதற்கு வாய்ப்புண்டு. பகல் முழுவதும் மக்கள் மலையில் நிற்பர். அந்நேரம் அடுத்த தோட்டத்துக்குப் பயணஞ் செய்வதற்குரியது. மாலையில் லயன்களிற் சந்திப்பும், இரவில் எழுத்தறிவித்தலும் இடம்பெற்றன. ஞாயிறன்று கோப்பிச் சேமிப்புச்சாலையே பல இடங்களில் ஆராதனைக் கூடமாயிற்று. அத்துடன் துரைமாருக்கும் ஆங்கிலத்தில் ஆராதனை நடத்த வேண்டியிருந்தது. மிஷனரி பல மாவட்டங்களைச் சுற்றிவந்து மேற்பார்வை செய்பவர்; ஆகவே ஒரு தோட்டத்தை அவர் இடையிடையே தான் காண முடிந்தது. நாள்தோறும் அம்மக்களிடையே நடந்து திரிந்தவர் தமிழராகிய உபதேசியாரே. எனினும் அறிக்கைகளை எழுதியவர் மிஷனரியாதலின், வரலாற்றில் நிலைத்த பெயரும் அவருடையதாயிற்று.

மிஷனரியின் ஊதியத்தைச் சங்கம் ஏற்றது. உபதேசியார்களின் செலவுக்கோ துரைமாரின் நன்கொடையே ஆதாரம். இங்குதான் முரண்பாடு தோன்றுகின்றது. துரையின் அனுமதியின்றி லயத்தில் நுழைய இயலாது. துரையின் பணமின்றி உபதேசியார் உண்ண இயலாது. இந்நிலையில், கங்காணியின் கடன்பிடியையோ கூலி நிலுவையையோ கண்டிக்கும் சுதந்திரம் அவருக்கு எவ்வளவு இருந்திருக்கும்? பணிவும் நிதானமும் உள்ள தொழிலாளரைத் துரைமார் விரும்பினர் என்பதும், நன்கொடைக்கு அதுவும் ஒரு காரணமென்பதும் எமது கருத்து. மிஷனின் பெயரிலேயே 'கூலி' என்ற சொல் நின்றமை மனங்கொள்ளத்தக்கது. ஆன்மாவை நாடி வந்த நிறுவனமும் மனிதரை அவர்தம் உழைப்பின் பெயராலேயே அழைத்தது.

பணியின் பயனைப் பயிரே பெரிதும் நிர்ணயித்தது. கோப்பித் தொழிலாளருட் பெரும்பாலார் பருவகாலத்தவர். அறுவடை முடிந்ததும் ஊர் திரும்பினர். இவ்வாண்டு எழுத்துப் பயின்றவர் மறுவாண்டு அதே தோட்டத்துக்கு வருவாரென்பதற்கு உறுதியில்லை. 1869இற் காணப்பட்ட இலைநோய் கோப்பியை அழித்தது. 1867இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரையிற் பயிரிட்ட தேயிலை, 1880களில் அதன் இடத்தைப் பிடித்தது. தேயிலைக்கு ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்கும் கைகள் தேவை. ஆகவே குடும்பங்கள் நிலையாகத் தங்கின. அதன் பின்னரே தோட்டப் பள்ளி நிலைபெறுதற்கான சூழ்நிலை உருவாயிற்று. மிஷனரியின் ஊக்கத்தை நாம் மறுக்கவில்லை. அவ்வூக்கத்துக்கு இடமளித்ததும் மறுத்ததும் உற்பத்திமுறையே என்கின்றோம்.

மக்களும் வெறும் கேட்போராக இருக்கவில்லை. பெரும்பான்மையோர் மாரியம்மனையே வழிபட்டனர். காமன்கூத்தும் பொன்னர் சங்கர் கதையும் லயத்து முற்றங்களில் தொடர்ந்தன. கிறித்தவத்தைத் தழுவியோர் சிறுதொகையினர். ஆயினும் எழுத்தை நாடியவர் அத்தொகைக்குள் அடங்கினரல்லர். கடிதம் படிக்கவும், பற்றுச்சீட்டிலுள்ள கணக்கை அறியவும் தெரிந்தவரைக் கங்காணி முன்போல் எளிதில் ஏமாற்ற இயலாது. துரையின் பணத்திற் கற்பிக்கப்பட்ட எழுத்து, துரையின் கணக்கையே வினவும் கருவியாகவும் அமையக்கூடியதாயிற்று.

ஆகவே இம்மிஷனை முற்றிலும் அருட்பணியென்று போற்றுவதும், முற்றிலும் முதலாளியின் கருவியென்று ஒதுக்குவதும் பொருந்தா. இவ்வரலாற்றின் மறுபாதி ஆவணக்காப்பகங்களிலன்றி, மலையகத்துச் சிற்றாலயங்களின் பதிவேடுகளிலும் உபதேசியார் வழிவந்த குடும்பங்களின் நினைவுகளிலும் உள்ளது. முதியோர் மறையுமுன் அவற்றைத் திரட்டுதல் எமது பல்கலைக்கழகங்களின் கடனாகும். மிஷனரியின் வாரத்தை நாம் அறிவோம். அவருக்குப் பின்னால் நடந்து சென்ற தமிழரின் வாரத்தை இனித்தான் எழுதவேண்டும்.