மூட்டைப்பூச்சிக்கு றெக்கை இல்லை

ஆறாவது படிக்கும்போது, பெஞ்சில் மூட்டைப்பூச்சி கடிக்குதுன்னு வகுப்பில் புகார் வந்தது. வாத்தியார் எதையும் விசாரிக்கலை. எங்க சேரியிலிருந்து போன நாலு பேரை மட்டும் எழுப்பித் தரையில் உட்கார வைத்தார். ராத்திரி ஆயாகிட்ட சொல்லி அழுதேன். "அதுக்கு இன்னாடா றெக்கையா கீது, நம்மூட்லேர்ந்து பறந்து போவறதுக்கு? யார்னா தூக்கினு போனாத்தான் போவும்" என்றது ஆயா.

ஆயா சொன்னதுதான் விஞ்ஞானமும். மூட்டைப்பூச்சி பறக்காது, பேன் மாதிரி உடம்பிலும் தங்காது. பகலில் கட்டில் சந்திலும் சுவர் வெடிப்பிலும் கிடக்கும். வீடு விட்டு வீடு போவதெல்லாம் பை, படுக்கை, ரயில் சீட்டு, சினிமாக் கொட்டகை நாற்காலி வழியாகத்தான். கருவுற்ற ஒரு பெண்பூச்சி போதும், வீடு நிறைந்துவிடும். அதற்கு அழுக்கு வேண்டியதில்லை. தூங்குகிற ஆளும் ஒளிய ஒரு இடுக்கும் இருந்தால் சரி.

எங்க வீட்டிலும் இருந்தது, மறைக்கலை. அம்மா வேலை செய்த வீட்டில் வேண்டாம்னு கழித்துக் கொடுத்த கட்டிலோடு வந்தது. திருவொற்றியூரில் மாமா தங்கிய அறையில் எட்டு பேர். ஷிப்டுக்கு ஷிப்ட் ஆள் மாறும், பாய் மாறாது. பூச்சிக்கு எந்நேரமும் சாப்பாடு. அப்படி ஆளை அடைத்து வாடகை வாங்கியவனை யாரும் அசிங்கம் என்று சொன்னதில்லை.

இதே பட்டணத்தில் மூட்டைப்பூச்சி மேலேயே ஒரு பெரிய பழி விழுந்தது. மண்ணீரல் வீங்கி ஆளைக் கொல்லும் காலா அசார் நோயின் கிருமியை 1903இல் மதராஸ் பொது மருத்துவமனையில் டோனவன் கண்டார். அதே ஆண்டு லண்டனிலிருந்து லீஷ்மனும் அதைப் பற்றி எழுதினார். 'கறுப்பர் நகரம்' என்றிருந்து, 1906இல் ஜார்ஜ் டவுன் என்று பெயர் மாறிய பகுதியில் அந்த நோய் இருந்தது. கிண்டி கிங் நிறுவனத்தின் பேட்டன், மூட்டைப்பூச்சியின் குடலில் அந்தக் கிருமி வளர்வதைக் கண்டு, பரப்புவது இதுதான் என்று 1907 முதல் வாதாடினார். 1942இல் சுவாமிநாத், ஷார்ட், ஆண்டர்சன் மூவரும் பரப்புவது மணல் ஈ என்று நிரூபித்தார்கள். பூச்சி மேலிருந்த பழி நீங்கியது.

நம் மேலிருப்பது நீங்கவில்லை. 2023இல் பாரிஸ் நகரத்து ரயிலிலும் சினிமாக் கொட்டகையிலும் மூட்டைப்பூச்சி என்று ஒரே பரபரப்பு. அங்கேயும் டிவியில் ஒருவர் கேட்டார்: வெளியிலிருந்து குடியேறியவர்களால் வந்ததா?

எங்க வாத்தியார் கேள்விதான் அது. அன்றைக்குப் பெஞ்சில் உட்கார்ந்தே இருந்த பையன்களின் பையை ஒருத்தரும் திறந்து பார்க்கலை.