ரான் எம்பிள்டன்

ரான் எம்பிள்டன் (அக்டோபர் 6, 1930 – பெப்ரவரி 13, 1988) ஒரு பிரித்தானிய ஓவியர் ஆவார். இலண்டனில் பிறந்த இவர், வார இதழ்களுக்கும் சிறுவர் நூல்களுக்கும் ஏராளமான ஓவியங்களை வரைந்தார்.

படக்கதைகள்

1950களின் பிற்பகுதியில் எக்ஸ்பிரஸ் வீக்லி இதழில் வெளிவந்த "உல்ஃப் த பிரிட்டன்" இவரது புகழ்பெற்ற வண்ணப் படக்கதையாகும். இது உரோமரை எதிர்த்த வீரன் ஒருவனின் கதை. 1967 இல் ஒளிபரப்பாகத் தொடங்கிய "கேப்டன் ஸ்கார்லெட்" தொலைக்காட்சித் தொடரின் இறுதியில் காட்டப்படும் ஓவியங்களும் இவருடையவை.

ஏட்ரியன் சுவர் ஓவியங்கள்

வட இங்கிலாந்தில் கி.பி. 122 இல் உரோமர் கட்டத் தொடங்கிய ஏட்ரியன் சுவர் குறித்து, நியூகாசில் பதிப்பாளர் பிராங்க் கிரகாமுக்காக இவர் பல ஓவியங்களை வரைந்தார். இவை 1984 இல் நூலாகவும் வெளிவந்தன. இவற்றுள் ஹவுஸ்டெட்ஸ் கோட்டையின் பொதுக் கழிப்பறை ஓவியம் பரவலாக அறியப்படுகிறது. இதில் வீரர்கள் வரிசையாக அமர்ந்துள்ளனர். கோலில் பொருத்திய கடற்பஞ்சுகளும் காட்டப்பட்டுள்ளன.

அவ்விடத்தில் கல் வாய்க்கால்கள், நீர்த்தொட்டி முதலியவை எஞ்சியுள்ளன, இருக்கைகள் எஞ்சவில்லை. கடற்பஞ்சுக் கோல் உரோம இலக்கியத்தில் குறிப்பிடப்பட்டாலும், அதன் பயன் குறித்து ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு. எனவே, பலருக்கு அவ்விடத்தின் தோற்றத்தை மனத்தில் பதித்த இவ்வோவியம், சான்றும் ஊகமும் கலந்த மீட்டுருவாக்கமே ஆகும்.