பச்சை, பொல்லம், அப்பர்

முதலாமாண்டு மாணவிகளிடம் ஆளுக்குப் பத்துச் சொற்கள் கேட்டிருந்தேன். வீட்டில் புழங்கும் சொல்லாக இருக்க வேண்டும், அகராதியில் இருக்கக் கூடாது, பொருளை அவர்களே எழுத வேண்டும். ஆம்பூரிலிருந்து ரயிலில் வரும் ஒருத்தியின் தாளில் முதல் சொல் 'அப்பர்'. எனக்குத் திருநாவுக்கரசர்தான் நினைவுக்கு வந்தார். "இல்ல மேடம், ஷூவோட மேல்பாகம். எங்கம்மா வீட்டுல அதத்தான் தைக்கிறாங்க" என்றாள். சேர்க்கைப் படிவத்தில் 'தாயின் தொழில்' என்ற இடத்தில் இதே பெண் 'இல்லத்தரசி' என்று எழுதியிருந்தாள். நான்தான் அந்தப் படிவத்தைச் சரிபார்த்திருந்தேன்.

அன்று இரவு தமிழ்ப் பேரகராதியை எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். 1924 முதல் 1936 வரை சென்னைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்கள் கொண்ட அகராதி. தோல் என்றால் சருமம் மட்டுமல்ல. கேடயம், யானை, துருத்தி எல்லாம்தான். தொல்காப்பியம் அதைச் செய்யுளின் எட்டு வனப்புகளில் ஒன்றாகவே ஆக்கிவிட்டது. போர்க்களத்துக்கும் இலக்கணத்துக்கும் போன சொல். அதை உரித்து, ஊறவைத்து, தைத்த கை யாருடையது என்று தேடினால்தான் வழி குறுகுகிறது.

'பச்சை'யும் தோல்தான். பொருநராற்றுப்படையில் யாழைப் போர்த்திய தோலுக்கு அந்தப் பெயர். இன்றைக்கும் பேரணாம்பட்டிலும் வாணியம்பாடியிலும் பதனிடாத தோல் பச்சைத் தோல். பிள்ளை பெற்று எழுந்தவளைப் பச்சை உடம்புக்காரி என்கிறோம். இந்த மூன்று பச்சையும் ஒரே வேரா என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் பொருநராற்றுப்படைப் புலவர் முடத்தாமக்கண்ணியார் தோலையும் கருவுற்ற உடம்பையும் ஒன்றாகத்தான் பார்த்திருக்கிறார். யாழின் மேல் இரண்டு தோல்கள் சேர்த்துத் தைக்கப்பட்ட கோடு, இளஞ்சூல் கொண்ட பெண்ணின் வயிற்றில் ஓடும் மெல்லிய மயிர்க்கோடு போல இருக்கிறதாம். இரண்டு தோல்களை இணைத்துத் தைப்பதற்கு அவர் கையாளும் சொல், பொல்லம் பொத்துதல். அதாவது, என் மாணவியின் அம்மா செய்யும் வேலைக்கு இரண்டாயிரம் ஆண்டுப் பழமையுள்ள சொல் ஒன்று இருக்கிறது. தையலில் பெண்ணின் வயிறு தெரிந்த புலவருக்குத் தைத்த கையைச் சொல்லத் தோன்றவில்லை.

கை தெரியும் இடம் புறநானூற்றின் 82ஆம் பாடல். சாத்தந்தையார் பாடியது. ஊரில் திருவிழா தொடங்கிவிட்டது, வீட்டில் மனைவிக்குப் பிரசவ வலி, மழை பெய்கிறது, பொழுதும் சாய்கிறது. ஒருவன் கட்டிலுக்குத் தோல்வார் பின்னிக்கொண்டிருக்கிறான். அவன் ஊசியின் வேகம்தான் அரசன் செய்த போரின் வேகத்துக்கு உவமை. வாருக்குப் 'போழ்' என்று பெயர் உண்டு. தொழிலாளிக்கு 'இழிசினன்' என்ற வசவுதான் பெயர். மனைவிக்கு அதுவும் இல்லை. அவள் எங்கோ வலியில் கிடக்கிறாள். வகுப்பில் இதை உவமையின் அழகுக்காகவே பல ஆண்டுகள் நடத்தியிருக்கிறேன் என்பதைச் சொல்லிவிட வேண்டும்.

(இன்னொரு அப்பரையும் விட்டுவிட முடியாது. பசுவை உரித்துத் தின்பவரானாலும் சிவனுக்கு அன்பராக இருந்தால் தமக்கு அவர் கடவுள் என்று பாடியவர். அந்த 'இருந்தால்' எனக்கு எப்போதும் இடறும்.)

எங்கள் பக்கம் 'கம்பெனி' என்றால் ஷூ கம்பெனி. பழைய ஆட்களுக்கு அது கும்பினி. 19ஆம் நூற்றாண்டில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டு அரைகுறையாகப் பதனிட்டுச் சென்னைத் துறைமுகம் வழியாக இங்கிலாந்துக்கு அனுப்பிய தோலுக்கு 'ஈஸ்ட் இந்தியா' என்று வணிகப் பெயர். கும்பினி ஆட்சி 1858இல் போய்விட்டது, பெயர் மட்டும் தோலில் ஒட்டிக்கொண்டது. 1972இல் சீதாராமையா குழு அமைந்தது. அடுத்த ஆண்டிலிருந்து அரசு பச்சைத் தோல், அரைப்பதத் தோல் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தத் தொடங்கியது. தோலாக அனுப்பாதே, பொருளாக்கி அனுப்பு என்பது கொள்கை. பொருளாக்கத் தையல் வேண்டும், தையலுக்குக் குறைந்த கூலியில் விரல்கள் வேண்டும். ஆண்களே மிகுதியாக இருந்த டேனரிக்குப் பக்கத்தில் பெண்கள் நிறைந்த ஷூ கம்பெனி வந்தது இப்படித்தான். விடியற்காலையில் கம்பெனி வேன்கள் ஊர் ஊராக நிற்பதும் அப்போது தொடங்கிய பழக்கம்.

1996 ஆகஸ்ட் 28 அன்று வேலூர் குடிமக்கள் நல மன்றத்தின் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 'மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும்' என்ற கொள்கை இந்தியச் சட்டத்தில் உறுதியானதில் எங்கள் பாலாற்றுக்குப் பங்குண்டு. டேனரி வட்டாரத்தில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுதாகவோ பகுதியாகவோ பாழாகிவிட்டது என்கிறது தீர்ப்பு. அதில் பெண்களும் வருகிறார்கள். திண்டுக்கல் பக்கத்துக் கிராமங்களில் 467 கிணறுகளில் 350 கெட்டுப்போனதால், பெண்களும் குழந்தைகளும் குடிநீருக்கு மைல் கணக்கில் நடக்க வேண்டியிருக்கிறது என்று ஒரு வரி. தண்ணீர் சுமப்பவளாகத்தான் அவள் உள்ளே வர முடிந்தது.

அதே 1996இல் ஜெனிவாவில் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு வீட்டிலிருந்து வேலை செய்வோருக்கான 177ஆம் உடன்படிக்கையை ஏற்றது. கூலிக்கு வீட்டில் உட்கார்ந்து செய்தாலும் அது தொழில், செய்பவர் தொழிலாளி என்பது அதன் சாரம். இந்தியா அதற்கு இன்றுவரை ஒப்புதல் அளிக்கவில்லை.

ஆகவே வெட்டிய தோல் துண்டுகள் ஏஜென்ட் கையால் மூட்டையாக வீட்டுக்கு வருகின்றன. ஜோடிக்கு இத்தனை ரூபாய் என்று பேச்சு, பி.எஃப். இல்லை, ஈ.எஸ்.ஐ. இல்லை. தடித்த ஊசி விரலில் ஏறினால் மஞ்சள் வைத்துக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

மாணவியிடம் 'அப்பர்' என்பதற்குப் பொருளைத் திருத்தி எழுதி வரச் சொன்னேன். எழுதி வந்தாள்: "ஷூவின் மேல்பாகம். மெஷினில் தைக்க முடியாத இடத்தைக் கையால் தைப்பது. சமையல் முடிந்த பிறகு தைப்பது." நன்றாக இருந்தது. படிவத்தையும் திருத்திவிடலாமா என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்தாள்.

"அம்மாதான் மேடம் அப்படி எழுதச் சொன்னாங்க. கம்பெனிக்குப் போனாத்தான வேலைக்குப் போறதுன்னு சொல்லுவாங்க, நான் வீட்டுலதான இருக்கேன்னாங்க."