ஹெலிக்கோபேக்டர் பைலோரியும் இரைப்பைப் புற்றுநோயும்

ஹெலிக்கோபேக்டர் பைலோரி (சுருக்கமாக எச். பைலோரி) என்பது மனித இரைப்பையின் சளிப்படலத்தில் வாழும் சுருள்வடிவப் பாக்டீரியா ஆகும். இதனை எதிர்த்து உடல் மேற்கொள்ளும் நோயெதிர்ப்பு வினை பெரும்பாலும் பாக்டீரியாவை அகற்றுவதில்லை. மாறாக, பல பத்தாண்டுகள் நீடிக்கும் அழற்சியாக மாறிச் சிலரிடத்தில் இரைப்பைப் புற்றுநோய்க்கு வழிகோலுகிறது. 1994-ஆம் ஆண்டில் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை இப்பாக்டீரியாவை முதல் வகைப் புற்றுநோய்க் காரணியாக வகைப்படுத்தியது.

கண்டுபிடிப்பு

ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரன், பாரி மார்ஷல் ஆகியோர் 1982-இல் இப்பாக்டீரியாவை இரைப்பைத் திசுவிலிருந்து வளர்த்தெடுத்தனர். அமிலம் நிறைந்த இரைப்பையில் பாக்டீரியா நிலைத்து வாழ இயலாது என்னும் கருத்தே அக்காலத்தில் மேலோங்கியிருந்தது. 1984-இல் மார்ஷல் இப்பாக்டீரியா கலந்த நீர்மத்தைத் தாமே அருந்தினார். அதனால் அவருக்கு இரைப்பை அழற்சி ஏற்பட்டது. இருவருக்கும் 2005-ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது.

நோயெதிர்ப்பு வினை

தொற்று பெரும்பாலும் குழந்தைப் பருவத்தில் ஏற்படுகிறது. பாக்டீரியா சுரக்கும் யூரியேஸ் என்னும் நொதி, யூரியாவை அம்மோனியாவாக மாற்றித் தன்னைச் சுற்றியுள்ள அமிலத்தை நடுநிலையாக்குகிறது. இரைப்பைச் சுவரின் உயிரணுக்கள் இன்டர்லியூக்கின்-8 என்னும் புரதத்தை வெளியிட்டு நியூட்ரோபில் வெள்ளையணுக்களை வரவழைக்கின்றன. பின்னர் டி உயிரணுக்களும், எதிர்ப்பொருள்களை உருவாக்கும் பி உயிரணுக்களும் திரள்கின்றன.

எனினும் பாக்டீரியா தப்பிவிடுகிறது. அதன் பெரும்பகுதி வெள்ளையணுக்கள் எளிதில் எட்டாத சளிப்படலத்தில் வாழ்கிறது. அதன் கசையிழைப் புரதத்தை உடலின் உணர்விகள் சரிவர அடையாளம் காண்பதில்லை. அது சுரக்கும் வாக்-ஏ நச்சு, டி உயிரணுக்களின் பெருக்கத்தைத் தடுக்கிறது.

புற்றுநோய் உருவாகும் முறை

வெள்ளையணுக்கள் வெளியிடும் வினைதிறன் மிக்க ஆக்சிஜன், நைட்ரஜன் சேர்மங்கள் பாக்டீரியாவை மட்டுமன்றி இரைப்பை உயிரணுக்களின் டி.என்.ஏ-வையும் சேதப்படுத்துகின்றன. நீடித்த அழற்சி, சுரப்பிகள் நலிவடைதல், இரைப்பைத் திசு குடல் திசுவைப் போல் மாறுதல், உயிரணுக்களின் பிறழ்ந்த வளர்ச்சி, புற்றுநோய் என்னும் படிநிலைகளைப் பெலாயோ கொரியா விளக்கினார். காக்-ஏ என்னும் புரதத்தை உயிரணுக்களுக்குள் செலுத்தும் பாக்டீரியா வகைகள் கூடுதல் தீங்கு விளைவிப்பவை.

இதில் நோயெதிர்ப்பின் பங்கைச் சுண்டெலி ஆய்வுகள் காட்டின. டி, பி உயிரணுக்கள் இல்லாத சுண்டெலிகளில் ஹெலிக்கோபேக்டர் ஃபெலிஸ் என்னும் உறவினப் பாக்டீரியா குடியேறியபோதும் சுரப்பிகள் நலிவடையவில்லை.

மரபும் சூழலும்

தொற்றுடையோரில் ஏறத்தாழ 1 முதல் 3 விழுக்காட்டினருக்கே இரைப்பைப் புற்றுநோய் ஏற்படுகிறது. அழற்சியைத் தூண்டி அமிலச் சுரப்பைக் குறைக்கும் இன்டர்லியூக்கின்-1பீட்டாவின் சில மரபணு வேறுபாடுகள் இவ்வாய்ப்பை மிகுவிப்பதாக 2000-ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு தெரிவித்தது. உப்பு மிகுந்த உணவும் புகைபிடித்தலும் பிற காரணிகளாகும். இந்தியாவில் தொற்று மிகப் பரவலாக இருந்தும், ஜப்பான், கொரியா ஆகிய நாடுகளைவிட இப்புற்றுநோய் குறைவாகவே காணப்படுகிறது. இம்முரண்பாடு ‘ஆசியப் புதிர்’ எனப்படுகிறது.

கண்டறிதலும் தடுப்பும்

மூச்சுச் சோதனை, மலச் சோதனை, உள்நோக்கித் திசுச் சோதனை ஆகியவற்றால் தொற்று கண்டறியப்படுகிறது. எதிர்ப்பொருள்கள் சிகிச்சைக்குப் பின்னும் குருதியில் நீண்டகாலம் எஞ்சியிருப்பதால், தொற்று நீங்கியதை உறுதிசெய்யக் குருதிச் சோதனை ஏற்றதன்று. நுண்ணுயிர் எதிர்ப்பிகளுடன் அமிலச் சுரப்பைக் குறைக்கும் மருந்தும் சேர்த்து அளிக்கப்படுகிறது.

ஜப்பானில் 1,526 பேரிடம் நடத்தப்பட்டு 2001-இல் வெளியான ஆய்வில், தொற்றுடைய 1,246 பேரில் 36 பேருக்குப் புற்றுநோய் உண்டானது. தொற்றில்லாத 280 பேரில் ஒருவருக்கும் உண்டாகவில்லை. தைவானின் மாட்சு தீவுகளில் 2004 முதல் மக்கள் அனைவருக்குமான தொற்று ஒழிப்புத் திட்டம் நடைபெற்றது. அங்கு இரைப்பைப் புற்றுநோய் பாதிக்குமேல் குறைந்ததாக 2021-இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. சுரப்பிகள் நலிவடையும் முன்னரே தொற்றை நீக்குவது கூடுதல் பயனளிக்கும்.