தஞ்சைப் பெரும் பீரங்கி: ஆக்கமும் ஆற்றலும்

தஞ்சை மாநகரின் கீழவாசலை அடுத்து, பழைய கோட்டையின் உயர்ந்த கொத்தளம் ஒன்றன்மீது மிகப் பெரியதோர் இரும்புப் பீரங்கி கிடக்கின்றது. அவ்விடத்தைப் பீரங்கி மேடு என்று மக்கள் வழங்குவர்; பீரங்கியை இராசகோபாலப் பீரங்கி என்றும் கூறுவர். வாய்வழியே மருந்தும் குண்டும் இட்டுச் சுடும் இனத்தைச் சேர்ந்தது இது. தஞ்சை நாயக்கருள் புகழ்பெற்ற இரகுநாத நாயக்கர் காலத்தது என்பது பொதுவாகக் கொள்ளப்படும் கருத்து. அவ்வகையில் இது 17-ஆம் நூற்றாண்டின் முற்பாதியைச் சார்ந்ததாகும்.

பெரிய கோயிலின் விமானத்தைக் கண்டு வியப்போர் பலர். இம்மேட்டின்மேல் ஏறிக் காண்போர் சிலரே. கண்டோருள்ளும், “இது டேனியர் துணையால் செய்யப்பெற்றது” என்னும் கூற்றைக் கேட்ட அளவில் அமைவோர் மிகுதி. அக்கூற்று எவ்வளவு பொருந்தும் என்பதைப் பீரங்கியின் ஆக்கமுறையையே சான்றாகக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். எழுத்துச் சான்று அருகிய இடத்துப் பொருளே சான்றாதல் வரலாற்று நெறி.

1. பெயர் கூறுவது யாது?

பண்டைத் தமிழகத்தில் கோட்டைப் பொறிகள் இருந்தன என்பதற்குச் சிலப்பதிகாரத்து அடைக்கலக் காதையே சான்று. மதுரை மதிலின்மீது அமைந்த பொறிகள் அங்கு நிரலே எண்ணப்படுகின்றன. எனினும் அவை வெடிமருந்து அறியாக் காலத்துப் பொறிகள். வெடிமருந்துப் படைக்கலங்கள் பின்னாளில் வந்தமையின் அவற்றின் பெயர்களும் உடன் வந்தன. துப்பாக்கி என்பது துருக்கியச் சொல்லின் வழியது. பீரங்கி என்பது பிராங்கியரைக் குறித்த ‘பிரங்கி’ என்னும் பாரசீக வழக்கின் திரிபு. பறங்கியர் என்னும் சொல்லும், பறங்கிப்பேட்டை என்னும் ஊர்ப்பெயரும் அவ்வேரினின்றே கிளைத்தன.

இதுகொண்டு, பெயர் பறங்கியருடையது ஆதலின் பொருளும் பறங்கியர் செய்ததே எனத் துணிதல் பிழையாகும். பீப்பாய் என்பது போர்த்துகீசியச் சொல். அதனாற் தமிழகத்துப் பீப்பாய் எல்லாம் போர்த்துகீசியர் செய்தன ஆகா. மேலும், பாபர் தம் வரலாற்றிலேயே ‘பிரங்கி’ என்னும் படைக்கலத்தைக் குறிக்கின்றார். அவர் காலத்தில், 16-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே, அப்பெயர் இந்நாட்டில் பரவத் தொடங்கிவிட்டது. ஆகவே பெயரை விடுத்துப் பொருளை நோக்குவாம்.

2. அளவும் எடையும்

இப்பீரங்கியின் நீளம் ஏறத்தாழ 7.5 மீட்டர், அஃதாவது 25 அடி. வாயின் வெளிவிட்டம் ஏறத்தாழ 93 சென்டிமீட்டர். உள்விட்டம் 63 சென்டிமீட்டர். எனவே சுவரின் தடிப்பு 15 சென்டிமீட்டர் ஆகின்றது. எடை ஏறத்தாழ 22 டன் என மதிப்பிடப்பட்டுள்ளது.

இம்மதிப்பு மிகையன்று என்பதை எளிய கணக்கால் காணலாம். மேற்கூறிய விட்டங்களையுடைய இரும்புக் குழாய் 7.5 மீட்டர் நீளமாயின், அதன் இரும்பின் கன அளவு 2.75 கனமீட்டருக்குச் சற்று மிகும். அதன் எடை ஏறத்தாழ 21 டன். பின்வாயை அடைத்து நிற்கும் இரும்பையும் கூட்டின் 22 டன் என்பது பொருந்துகின்றது.

வாயின் அளவால் இது உலகப் பெரும் பீரங்கிகளின் வரிசையில் நிற்பது. 1449-இல் செய்யப்பட்டு இன்று எடின்பரோக் கோட்டையில் உள்ள ‘மான்ஸ் மெக்’ என்னும் பீரங்கியின் வாய் ஏறத்தாழ 50 சென்டிமீட்டரே. அதன் எடை 7 டன்னுக்கும் குறைவு. 1464-இல் துருக்கியர் வெண்கலத்தால் வார்த்த பெரும் பீரங்கியின் வாய், தஞ்சைப் பீரங்கியின் வாயை ஒத்தது. 1586-இல் மாஸ்கோவில் சோக்கோவ் என்பார் வார்த்த ‘சார் பீரங்கி’ 89 சென்டிமீட்டர் வாயுடையது. இவ்விரண்டும் வார்ப்புக்கள். தஞ்சைப் பீரங்கியோ வார்ப்பன்று. காய்ச்சி அடித்து இணைத்தது. இவ்வேறுபாடே நம் ஆராய்ச்சிக்கு உயிராவது.

3. ஆக்க முறை

அக்காலத்துத் தமிழகத்தில் இரும்பு உருக்கி எடுக்கப்படவில்லை. கனிமண்ணும் மரக்கரியும் சிறு உலையில் இட்டுத் துருத்தியால் ஊதின், இரும்பு நீராக உருகாது கசடொடு கூடிய கட்டியாகத் திரளும். அக்கட்டியை அடித்துக் கசடு நீக்கித் தேனிரும்பு ஆக்குவர். கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்து ஆர். பாலசுப்பிரமணியமும் அவருடன் ஆய்ந்தோரும் 2004-இல் வெளியிட்ட ஆராய்ச்சி, தஞ்சைப் பீரங்கியின் இரும்பு இவ்வாறு கனிமண்ணினின்று நேரே பெறப்பட்டதே என்பதை நிறுவியுள்ளது.

சிற்றுலையில் ஒருமுறை கிடைக்கும் நல்லிரும்பு 10 கிலோ எனக் கொண்டால், 22 டன் இரும்பிற்கு 2,200 முறை உலை மூட்டுதல் வேண்டும். மீண்டும் மீண்டும் காய்ச்சி அடிக்குங்கால் செதிளாகக் கழிவதையும் எண்ணின் இத்தொகை இன்னும் மிகும். ஆகவே இது ஒரு கொல்லனின் பட்டடையில் முடிந்த பணியன்று. பல ஊர் உலைகளின் விளைவு ஓரிடத்தே திரண்டிருத்தல் வேண்டும். கரிக்கு வேண்டிய காடும், கட்டியை ஏற்றிவரும் வண்டியும், கூலிக்கு வேண்டிய நெல்லும் உடன் திரண்டிருக்கும். ஓர் அரசின் ஆணையன்றி இஃது இயலாது.

இனி, இரும்பைக் குழாயாக்கிய முறையைக் காண்போம். நீண்ட இரும்புப் பட்டைகளை ஒன்றோடொன்று நெருங்க வட்டமாக நிறுத்துவர். அவற்றின்மேல் செந்நிறமாகக் காய்ச்சிய வளையங்களை ஒன்றன்பின் ஒன்றாகச் செலுத்துவர். காய்ந்த வளையம் விரிந்திருத்தலின் எளிதிற் செல்லும். ஆறியபின் சுருங்கி உள்ளிருக்கும் பட்டைகளை இறுகப் பற்றும். சூட்டிலேயே சம்மட்டியால் அடித்து வளையத்தை வளையத்தோடு ஒட்டுவர். வண்டிச் சக்கரத்திற்குப் பட்டை காய்ச்சிப் பூட்டுவதைக் கண்டோர்க்கு இம்முறை புதிதன்று. சிற்றூர்க் கொல்லன் சக்கரத்திற்குச் செய்ததையே தஞ்சைக் கொல்லர் 25 அடி நீளத்திற்குச் செய்தனர்.

பட்டைக்கும் வளையத்திற்கும் தனித்தனிக் கடமை உண்டு. மருந்து வெடிக்குங்கால் எழும் ஆவி குழாயைப் பக்கவாட்டில் பிளக்க முயலும். அதனை வளையங்கள் தாங்கும். பின்வாயைப் பெயர்த்தெறியவும் முயலும். அதனை நீளப் பட்டைகள் தாங்கும். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 100 கிலோ அழுத்தம் எனக் கொள்ளினும், 63 சென்டிமீட்டர் வாயுடைய குழாயின் பின்வாய்மீது ஏறத்தாழ 310 டன் விசை தாக்கும். இவற்றுள் ஓர் ஒட்டு நெகிழினும் சுடுவோரே மாய்வர். ஸ்காத்லாந்து அரசன் இரண்டாம் ஜேம்ஸ் 1460-இல் ராக்ஸ்பரோ முற்றுகையில் தன் பீரங்கி ஒன்று வெடித்தே மாண்டான்.

4. டேனியர் கூற்று

1620-இல் இரகுநாத நாயக்கர் டேனியரோடு உடன்படிக்கை செய்து தரங்கம்பாடியில் கோட்டை கட்ட இசைந்தார். டேனியர் கூற்றிற்கு இத்தொடர்பே அடிப்படை. தொடர்பு உண்மை, ஆயின் அதனின்று பீரங்கி பிறந்தது என்னும் முடிவு பெறப்படுமா?

ஐரோப்பாவிலும் முன்னர்ப் பட்டையும் வளையமும் கொண்டே பெரும் பீரங்கி செய்தனர். மான்ஸ் மெக் அவ்வாறு ஆயதே. ஆனால் 16-ஆம் நூற்றாண்டில் வெண்கல வார்ப்பு அம்முறையைப் பின்தள்ளியது. 1543-இல் இங்கிலாந்தின் சசெக்ஸ் பகுதியில் இரும்பையே உருக்கி ஒரே வார்ப்பாகப் பீரங்கி செய்தனர். 1620-இல் கடல் கடந்து வந்த டேனியர் அறிந்தது வார்ப்புமுறையே. அவர்கள் கற்பித்திருப்பின் வார்ப்பையன்றோ கற்பித்திருப்பர்? தம் நாட்டார் கைவிட்ட பழைய முறையை, அதுவும் தாம் செய்தறியாப் பேரளவில், இங்கு வந்து கற்பித்தனர் என்றல் பொருந்தாது.

மறுபுறம், காய்ச்சி இணைத்த பெரும் பீரங்கிகள் இந்நாட்டின் பிற பகுதிகளில் உள. பீசப்பூரின் உப்ளி புருசு என்னும் கொத்தளத்தின்மேல் இம்முறையில் ஆகிய நெடும் பீரங்கி கிடக்கின்றது. வங்கத்து முர்சிதாபாத்தில் உள்ள ‘சகான் கோசா’ 1637-இல் டாக்காவில் சனார்த்தனன் என்னும் கொல்லரால் செய்யப்பெற்றது. அதன் எடை 212 மணங்கு, மருந்து 28 சேர் என அதன்மேற் பொறித்த பாரசீக எழுத்துக்கள் கூறும். தஞ்சைப் பீரங்கி இக்குடும்பத்தைச் சேர்ந்தது. தனிப்பட வந்த விருந்தன்று.

சோழர் காலந்தொட்டு வெண்கல வார்ப்பில் சிறந்த இந்நாட்டில் வெண்கலப் பீரங்கி வார்க்காதது ஏன் எனின், செம்பு அருமை, இரும்பு எளிமை என்பதே விடையாகும். 22 டன் செம்பு கடல் வழியே வருதல் வேண்டும். இரும்போ உள்நாட்டில் விளைவது. இரும்பை உருக்கி வார்க்கும் ஐரோப்பிய முறை உலை பறங்கிப்பேட்டையில் ஹீத் என்பவரால் அமைந்தது 1830-இலேதான். அதற்கு இரு நூற்றாண்டு முன்னர்த் தமிழ்க் கொல்லர்க்கு வாய்த்திருந்த வழி காய்ச்சி அடித்தலே. ஆகவே டேனியர் தொடர்பு அளவிலோ அறிவுரையிலோ பங்கு கொண்டிருக்கலாம். ஆக்கிய கை இந்நாட்டுக் கொல்லர் கையே என்பது எம் துணிபு.

5. சுடும் முறையும் ஆற்றலும்

வாய்வழிப் பீரங்கியைச் சுடுவது பொறுமை வேண்டும் வினை. முதற்கண் குழாயின் உள்ளே கனலும் நமுநமுப்பும் எஞ்சாவாறு ஈரத்தால் துடைப்பர். வெடியுப்பு முக்காற்பங்கும், கரியும் கந்தகமும் எஞ்சிய பங்குமாகக் கலந்த மருந்தை நீண்ட அகப்பையால் உட்செலுத்துவர். அதன்மேல் அடைப்பும், அடைப்பின்மேல் குண்டும் இட்டு இடிப்பர். பின்புறத்துச் சிறு துளையில் மருந்து தூவி நெருப்பிடுவர்.

63 சென்டிமீட்டர் வாய்க்கு 60 சென்டிமீட்டர் குண்டு பொருந்தும். கருங்கல்லாயின் அதன் எடை ஏறத்தாழ 300 கிலோ. இரும்பாயின் 800 கிலோவுக்கு மேல். சுவரின் தடிப்பு வாயின் விட்டத்தில் நாலில் ஒரு பங்கினும் சற்றுக் குறைவு. இரும்புக் குண்டை விரைந்து எறியும் பீரங்கிகளில் பின்புறச் சுவர் வாயின் விட்டத்திற்கு ஏறக்குறைய ஒப்பாகவே இருக்கும். ஆதலின் தஞ்சைப் பீரங்கி சிறு மருந்தால் கற்குண்டு எறிதற்கே உரியது எனலாம். குண்டு கொத்துதலும் எளிதன்று. 1558-இல் எடின்பரோவில் திருமண விழாவிற்காக மான்ஸ் மெக்கைச் சுட்டபோது, ஏறத்தாழ இரண்டு கல் தொலைவில் வீழ்ந்த குண்டைத் தேடி மீட்டுவர ஆட்களுக்குக் கூலி கொடுத்தனர்.

22 டன் எடையைப் போர்க்களத்திற்கு இழுத்துச் செல்லல் அரிது. ஆகவே இது நின்ற இடத்தினின்றே காக்கும் படைக்கலம். வருவோர் வேறு திசையில் வரின் அதற்கு வேலை இல்லை. 1673-இல் மதுரை நாயக்கர் படை தஞ்சையைக் கைப்பற்றியபோதும், 1773-இல் ஆங்கிலேயர் கோட்டையைக் கொண்டபோதும் இப்பெரும் பீரங்கி நகரைக் காத்திலது. அச்சுறுத்தும் பெருமையே இதன் முதற்பயன் போலும்.

6. முடிவு

19-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியர் வளைய முறையை மீண்டும் கைக்கொண்டனர். 1857-இல் மாலட் என்னும் பொறியியலார் 36 அங்குல வாயுடைய குறும்பீரங்கியை இரும்பு வளையங்களால் கட்டிச் சுட்டுப் பார்த்தார். 19 குண்டுகளே சுடப்பட்டன. இடையிடையே உறுப்புக்கள் முறிந்தமையின் அது போருக்குச் செல்லவேயில்லை. அவர் விசையைக் கணக்கிட்டு வளையம் இட்டார். தஞ்சைக் கொல்லர் பழக்கத்தால் இட்டனர். இரண்டையும் ஒன்றெனல் மிகை. ஆயினும், கணக்கும் பேருலையும் உடையார்க்கே அரிதாயிருந்த பணியைச் சிற்றுலையும் துருத்தியும் கொண்டு முடித்தோர் திறம் சிறிதன்று.

வெயிலிலும் மழையிலும் கிடந்தும் இப்பீரங்கி துருவால் அழியவில்லை. மேற்பரப்பில் இறுகப் படிந்த மென்படலமே அதனைக் காக்கின்றது என மேற்கூறிய ஆராய்ச்சி காட்டும். இரும்பு தன்னைத் தானே காத்துக்கொண்டது. வங்கத்துச் சனார்த்தனன் பெயர் பீரங்கியோடு நிலைத்தது. தஞ்சையிலோ அரசர் பெயரும் அயலார் பெயருமே பேசப்படுகின்றன. செய்த கொல்லரை அவர்தம் செய்பொருள்கொண்டு மீட்டறிதல் தமிழக வரலாறு எழுதுவோர்க்குக் கடனாகும்.