யாரோடு ஒப்பிட்டு சம சம்பளம்?

எங்க ஃபீல்டுல கழுத்துல தொங்குற ஐ.டி. கார்டு கயிறோட நிறத்தை வச்சே சொல்லிடலாம், இவர் கம்பெனி ஆளா, கான்ட்ராக்டான்னு. பக்கத்து பக்கத்து சீட், ஒரே வேலை, ஆனா சம்பளம் போடுற இடம் வேற. 'சம வேலைக்கு சம ஊதியம்'னு உலகம் பூரா பேசுறாங்களே, அப்புறம் இது எப்படி நடக்குதுன்னு எனக்கு ரொம்ப நாளா ஒரு குழப்பம். அதுக்கு விடை இங்கிலாந்துல ஒரு டீச்சர் போட்ட வழக்குல கிடைச்சது.

கதையை கொஞ்சம் முன்னாடியிருந்து ஆரம்பிக்கிறேன். 1968ல் டேகன்ஹாம் ஃபோர்டு தொழிற்சாலையில் கார் சீட் உறை தைத்த 187 பெண்கள் வேலை நிறுத்தம் செய்தார்கள். அதன் சூட்டோடு 1970ல் சம ஊதியச் சட்டம் வந்தது. அமலுக்கு வந்தது 1975 டிசம்பரில். அஞ்சு வருஷம் முதலாளிகளுக்கு அவகாசமாம்!

அந்தச் சட்டத்தில் ஒரு நிபந்தனை. எனக்கு சம்பளம் கம்மின்னு ஒரு பெண் சொன்னா மட்டும் போதாது. அதே முதலாளியிடம் சமமான வேலை செய்யும் ஓர் ஆணைக் கைகாட்டி, 'இதோ, இவரை விடக் கம்மி' என்று சொல்லணும். நியாயமாத்தானே இருக்கு? இருபது வருஷம் கழிச்சு இதுதான் ஓட்டையாச்சு.

பகுதி நேர வேலையில் இருந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். வாரத்துக்கு 8 மணி நேரத்திலிருந்து 16 மணி நேரத்துக்குள் வேலை செய்தால் வேலைப் பாதுகாப்புக்கு அஞ்சு வருஷ சர்வீஸ் வேணும், முழு நேரக்காரருக்கு ரெண்டே வருஷம் போதும் என்று விதி இருந்தது. இது பெண்களுக்கு எதிரான பாகுபாடுதான்னு 1994ல் பிரபுக்கள் சபை தீர்ப்பு சொன்னது. 1995ல் விதி மாறியது. பகுதி நேர ஆட்களை வைத்திருப்பதில் இருந்த லாபம் குறைந்தது.

இப்போ நம்ம டீச்சர். பெயர் டெப்ரா அலன்பி. அக்ரிங்டன் அண்ட் ராசன்டேல் கல்லூரியில் 1990லிருந்து பகுதி நேர விரிவுரையாளர். வருஷா வருஷம் புதுப்பிக்கும் ஒப்பந்தம். அங்கே இருந்த 341 பகுதி நேர விரிவுரையாளர்களில் 231 பேர் பெண்கள், 110 பேர் ஆண்கள். 1996ல் செலவைக் குறைக்கணும்னு கல்லூரி இவங்க ஒப்பந்தங்களை முடித்துக்கொண்டது. 'வேலை வேணும்னா இ.எல்.எஸ். என்கிற ஏஜென்சியில் பதிவு பண்ணிக்கோங்க, அவங்க மூலமா இங்கேயே வரலாம்' என்றார்கள். ஏஜென்சி கணக்குப்படி இவங்க ஊழியர் இல்லை, 'சுயதொழில் செய்பவர்'!

அதே கல்லூரி, அதே வகுப்பறை. ஆனா வருமானம் குறைந்தது, உடம்பு சரியில்லைன்னா கிடைச்ச பணம் போச்சு, வேலை ஒப்பந்தம் இல்லாததால் ஆசிரியர் ஓய்வூதியத் திட்டத்திலும் இடமில்லை.

அலன்பி வழக்குப் போட்டார். கல்லூரியின் முழு நேர ஆண் விரிவுரையாளர் ஒருவரைக் காட்டி, 'இவருக்கு சமமா கொடுங்க' என்றார். கேஸ் லக்சம்பர்க்கில் இருக்கும் ஐரோப்பிய நீதிமன்றம் வரை போய் 2004 ஜனவரி 13ல் தீர்ப்பு வந்தது.

தீர்ப்பு பாதி இனிப்பு, பாதி கசப்பு. 'சுயதொழில்'னு பேப்பரில் எழுதினால் மட்டும் ஆச்சா, உண்மையில் அடுத்தவர் சொல்படி வேலை செய்தால் அவர் தொழிலாளிதான் என்றது நீதிமன்றம். இது இனிப்பு. ஓய்வூதிய விஷயத்திலும் வழி திறந்தது. அந்த விதி நாட்டின் சட்டத்திலிருந்தே வருவதால் தனியா ஓர் ஆணைக் கைகாட்ட வேண்டியதில்லை, பெண்களே மிக அதிக விகிதத்தில் விலக்கப்படுகிறார்கள் என்று புள்ளிவிவரத்தால் காட்டினாலே போதும். அதற்கு நியாயமான காரணம் சொல்ல முடியாவிட்டால் அந்த விதி செல்லாது.

ஆனா சம்பளம்? அவருக்குப் பணம் தருவது கல்லூரி, இவருக்குத் தருவது ஏஜென்சி. வித்தியாசம் ஒரே மூலத்திலிருந்து வரவில்லை, அதைச் சரிசெய்யும் பொறுப்புள்ளவர் என்று ஒருத்தரும் இல்லை. அதனால் ஒப்பிட முடியாது. அவ்வளவுதான்!

இதைப் படிச்சப்போதான் எனக்கு உறைச்சது. சம்பளத்தைக் குறைக்க சட்டத்தை மீற வேண்டியதே இல்லை. நடுவுல ஒரு ஆளை நிறுத்தினால், கைகாட்ட வேண்டிய ஆண் காணாமல் போயிடுவார். பக்கத்து அறையில் பாடம் நடத்திக்கிட்டிருந்தாலும் சட்டத்தின் கண்ணுக்குத் தெரியமாட்டார்.

2011 அக்டோபரில் பிரிட்டனில் ஏஜென்சி தொழிலாளர் விதிகள் அமலுக்கு வந்தன. 12 வாரம் வேலை செய்துவிட்டால், நேரடியா எடுத்திருந்தால் என்ன சம்பளமோ அதைத் தரணும். பாருங்க, கேள்வியையே மாத்திட்டாங்க. 'எந்த ஆணைவிடக் கம்மி?' போய், 'நேரா சேர்ந்திருந்தா எவ்வளவு?' ஆயிடுச்சு. ஆனாலும் நிறுவன ஓய்வூதியம் அதில் சேர்த்தி இல்லை. ஏஜென்சியே நிரந்தரமா வேலைக்கு வைத்துக்கொண்டு, வேலை இல்லாத நாட்களுக்கும் கொஞ்சம் கொடுத்தால் சம சம்பளம் தர வேண்டாம் என்று ஒரு சந்து வேறு. அதை அடைக்க 2020 ஏப்ரல் வரை ஆச்சு.

இனிமே யாராவது சம சம்பளம்னு பேசினா நான் கேட்கிற முதல் கேள்வி இதுதான்: சரிங்க, யாரோட சமம்? சம்பளப் பட்டுவாடா யாரு?