பங்களா மேட்டில், லயம் பள்ளத்தில்



ஜாசின், அலோர் காஜா வட்டாரத் தோட்டங்களில் வாழ்ந்த மூத்தவர்களிடம் குளிர்காய்ச்சலைப் பற்றி விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. பற்கள் கிட்டிக்கொள்ள நடுங்குவதும், பிறகு உடம்பு அனலாய்க் கொதிப்பதும், வியர்த்து விடுவதும் அவர்களுக்குப் பழகிப்போன கதை. இன்று நாம் பேச வந்தது, அந்தக் காய்ச்சல் யாரைத் தேடி வந்தது, ஏன் அவர்களைத் தேடி வந்தது என்பதைப் பற்றித்தான்.

மலாயாவில் வணிக நோக்கத்தோடு ரப்பர் பயிரிட்டது முதன்முதலில் நம் மலாக்காவில்தான். 1896-இல் டான் சே யான் என்ற சீன வணிகர் புக்கிட் லிந்தாங்கில் பால்மரம் நட்டார். பின்னர் புக்கிட் அசஹானில் பெரிய தோட்டம் எழுந்தது. இவருடைய பாட்டனார் டான் டோக் செங், சிங்கப்பூரில் ஏழைகளுக்கு மருத்துவமனை கட்டப் பணம் கொடுத்தவர். பேரன் தொடங்கி வைத்த தொழில் எத்தனை ஆஸ்பத்திரிக் கட்டில்களை நிரப்பப் போகிறது என்பதை அந்தக் கிழவர் கண்டாரா?

புக்கிட் லிந்தாங்கில் மரம் நட்ட மறு ஆண்டு, அதாவது 1897 ஆகஸ்டு 20-ஆம் நாள், இந்தியாவில் செக்கந்திராபாத்தில் ரொனால்டு ராஸ் என்ற மருத்துவர் அனோபிலிஸ் கொசுவின் வயிற்றுக்குள் மலேரியாக் கிருமியைக் கண்டார். அதுவரை காட்டின் கெட்ட காற்றே காய்ச்சலுக்குக் காரணம் என்று பலரும் நம்பியிருந்தார்கள்.

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது, பொறுமையோடு கேளுங்கள். கடலோரச் சதுப்பு நிலத்தில் மலேரியாவைப் பரப்பிய கொசு, நிழல் படிந்த தேங்கு நீரில் வளர்வது. கிள்ளானில் 1901-இல் டாக்டர் மால்கம் வாட்சன் காட்டை வெட்டி, வாய்க்கால் தோண்டி நீரை வடியச் செய்தார்; காய்ச்சல் வெகுவாகக் குறைந்தது. அதே முறையை மலைப்பாங்கான தோட்டங்களில் கையாண்டபோதோ நிலைமை தலைகீழாயிற்று. மாக்குலாட்டஸ் என்னும் மலையோரக் கொசுவுக்கு வெயில் வேண்டும், தெளிந்து ஓடும் நீர் வேண்டும். காடு அடர்ந்திருந்த வரையில் ஓடையில் வெயில் விழவில்லை. நம் பாட்டன்மார் காட்டை வெட்டிச் சாய்த்ததும், ஒவ்வோர் ஓடையும் அந்தக் கொசுவுக்குத் தொட்டிலாயிற்று. குனோங் லேடாங் அடிவாரம் போன்ற மேடு பள்ளமான நிலத்தில் ஓடைகளுக்கா பஞ்சம்?

துரையின் பங்களா காற்றோட்டமான மேட்டில் இருந்தது. சில பங்களாக்களுக்குக் கம்பி வலையும் உண்டு. தண்ணீர் எட்டத்தில் இருக்க வேண்டும் என்பதற்காக லயங்களைப் பள்ளத்தில், ஓடையை ஒட்டிக் கட்டினார்கள். இந்தக் கொசு நெடுந்தூரம் பறப்பதில்லை. பிறந்த இடத்துக்குப் பக்கத்தில் படுத்திருப்பவரைத்தான் முதலில் கடிக்கும். லயத்தை எங்கே கட்டுவது என்று முடிவு செய்தவர் அங்கே படுக்கவில்லை.

‘கூலிகள் அழுக்கானவர்கள், அதனால்தான் நோய்’ என்று அந்நாளில் வெள்ளைக்காரர் சிலர் கூசாமல் பேசினார்கள். மலைத்தோட்டத்து மலேரியாக் கொசு தெளிந்த நீரில் பிறப்பது. எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் அதன் கடிக்குத் தப்ப முடியாது. தஞ்சை, திருச்சி, சேலம் பக்கமிருந்து கப்பலேறி வந்த புதியவர்களின் உடம்பில் எதிர்ப்புச் சக்தியும் இல்லை, தெம்பும் இல்லை. பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, வயிற்றை அழுத்தி, மண்ணீரல் வீங்கியிருக்கிறதா என்று பார்த்துத்தான் ஒரு தோட்டத்தில் எவ்வளவு மலேரியா இருக்கிறதென்று டாக்டர்கள் கணக்கிட்டார்கள்.

பரிகாரம் தெரியாமல் போகவில்லை. நிலத்தடியில் குழாய் பதித்து ஓடை நீரைக் கொண்டு செல்லலாம். அல்லது வாராவாரம் நீரின்மேல் எண்ணெய் தெளிக்கலாம். இரண்டுக்கும் பணம் வேண்டும். 1901-இல் புதிதாகத் திறந்த போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகம் மலேரியாவால் மூடும் நிலைக்கு வந்தபோது, அரசாங்கம் தயங்காமல் செலவு செய்தது, வாணிபம் நின்றுவிடுமே! தோட்டங்களிலோ செலவு முதலாளியின் பாடு. பெரிய கம்பெனி செய்தது, சிறு தோட்டம் செய்யவில்லை. கொசுவுக்கு எல்லைக்கல் தெரியுமா? பல இடங்களில் பிரட்டுக்களத்தில் கொடுத்த கசப்பு மாத்திரையான கொய்னாவோடு வைத்தியம் முடிந்தது.

நிலைமை சீர்பட்டதில் அரசியலுக்கும் பங்குண்டு. 1922-இல் இந்தியா குடியேற்றச் சட்டம் கொண்டு வந்தது. அதன்பின் கோலாலம்பூரில் இந்திய அரசின் ஏஜெண்டு ஒருவர் அமர்ந்தார். இங்கே ஆட்கள் அதிகம் செத்தால் அங்கிருந்து ஆள் வருவது நின்றுவிடலாம் என்ற பயம் துரைமாருக்கு வந்தது. இரக்கத்தைவிட அந்தப் பயமே லயத்துக்கு அதிக நன்மை செய்தது என்பது எங்கள் கருத்து.

கேட்பதற்கு யாருமே இல்லாதபோது என்ன நடக்கும் என்பதை ஜப்பானியர் காலம் காட்டியது. வாய்க்கால்கள் கவனிப்பாரற்றுத் தூர்ந்தன, மருந்து அருகியது, மலேரியா மீண்டும் தலைதூக்கியது. 1943-இல் மலாயாவிலிருந்து ஏறத்தாழ 75,000 பேர் சயாம்-பர்மா ரயில் பாதைக்குக் கொண்டு செல்லப்பட்டனர்; பெரும்பாலோர் தோட்டத் தமிழர். அந்த மழைக்காலத்தில் முகாம்களில் காலரா புகுந்தது. பக்கத்திலேயே வெள்ளைக்காரப் போர்க்கைதிகளும் அதே ஆற்று நீரைத்தான் நம்பியிருந்தார்கள். ஆனால் அவர்களுக்கு உடன் டாக்டர்கள் இருந்தார்கள். காய்ச்சிய நீரைத் தவிர வேறெதையும் குடிக்கக் கூடாதென்று கட்டளையிட அதிகாரிகள் இருந்தார்கள். நம்மவர்களுக்கு டாக்டரும் இல்லை, நீர் காய்ச்சப் பாத்திரமும் போதவில்லை. கைதிகளில் ஏறத்தாழ ஐவரில் ஒருவர் மாண்டார். மலாயாத் தொழிலாளர்களில் ஐவரில் இருவர் என்பது போருக்குப் பின் எடுத்த கணக்கு. கணக்கில் ஏறாதவர்கள் எத்தனையோ.

போருக்குப் பிறகு டி.டி.டி. மருந்து வந்தது. 1967-இல் மேற்கு மலேசியாவில் மலேரியா ஒழிப்புத் திட்டம் தொடங்கியது. 2018 முதல் மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவும் மலேரியா உள்நாட்டில் பதிவாகவில்லை. குரங்கிலிருந்து வரும் வகை மட்டும் காட்டோரங்களில் தொடர்கிறது.

நம் பிள்ளைகள் பலர் லயத்தை விட்டு நகரத்துக்குப் போய்விட்டார்கள். இப்போது தோட்டத்திலும் தொழிற்சாலையிலும் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் வேலை செய்கிறார்கள். 2020-இல் கோவிட் பரவியபோது கிள்ளானில் கையுறைத் தொழிலாளரின் நெரிசலான விடுதிகளில் அது ஆயிரக்கணக்கானோரைத் தொற்றியது. தோட்டத்துக்கும் சுரங்கத்துக்கும் என்று 1990-இல் இயற்றப்பட்ட தொழிலாளர் வீட்டு வசதிச் சட்டம், அவ்வாண்டு ஜூன் முதல் நாளிலிருந்து மற்றத் தொழில்களுக்கும் விரிந்தது. விடுதியில் ஓர் ஆள் உறங்குவதற்கு ஆகக் குறைந்தது 3 சதுர மீட்டர் இடம் விட வேண்டும் என்று அதன் விதி சொல்கிறது.